வலை துலக்கமா, முகம் துலக்கமா? மட்டக்களப்பு, அம்பாறையில் படம் பிடிப்பவருக்கு நான்கு ஃபோகஸ் வழிகள்

வாவியில் ஒருவர் தோணி முனையில் நின்று வீச்சுவலையை எறிகிறார். கரையில் கமெராவோடு நிற்பவருக்கு அந்த ஒரு கணத்தில் நான்கு வழி இருக்கிறது. வலைக் கண்ணிலிருந்து அக்கரைத் தென்னை வரை எல்லாவற்றையும் துலக்கமாக எடுக்கலாம். அவருடைய முகத்தை மட்டும் துலக்கமாக வைத்து மற்றதை மங்க விடலாம். முன்னால் நிற்கும் கண்டல் இலைகளை மங்கலாக்கி, அவற்றின் இடுக்கால் அவரைப் பார்க்கலாம். ஒன்றையும் துலக்கமாக வைக்காமல், நீரின் மினுக்கத்தையும் ஆளின் உருவத்தையும் நிறமாக மட்டும் எடுக்கலாம்.

நான்கிலும் நல்ல படம் வரும். ஆனால் ஒவ்வொன்றும் பார்ப்பவருக்கு வேறொரு விஷயத்தைச் சொல்லும். அதனால் இந்த முடிவை ஓட்டோ ஃபோகஸிடம் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நம்முடைய பக்கத்தில் இன்று எடுக்கப்படும் படங்களில் பெரும்பகுதி இரண்டாவது வகை, அதுவும் அதன் கடைசி எல்லையில் எடுத்தது. போனில் போர்ட்ரெய்ட் மோட், கமெராவில் 50 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 1.8இல் முழுக்கத் திறந்து வைப்பது (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் துவாரம் பெரிது). முகம் கூராக இருக்கும், பின்னால் எல்லாம் கரைந்துபோய் இருக்கும். கலியாணப் படத்துக்கும் பிறந்தநாள் படத்துக்கும் அது பொருந்தலாம். ஆனால் அப்படிக் கரைந்த பின்னணியோடு ஒரு முகத்தைக் கல்லடியிலும் எடுக்கலாம், கண்டியிலும் எடுக்கலாம். வாவியும் பாலமும் வயல் வட்டையும் இருக்கிற ஊரில் நின்று எடுத்த படத்தில் ஊரே இல்லாமல் போவது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. எவ்வளவு மங்கலாக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், மங்கிய பிறகும் எது தெரிய வேண்டும் என்று கேட்க வேண்டும்.

மங்கல் எங்கிருந்து வருகிறது

லென்ஸ் ஒரே ஒரு தூரத்தில்தான் உண்மையில் ஃபோகஸ் ஆகிறது. அந்தத் தூரத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச இடம் நம் கண்ணுக்குத் துலக்கமாகவே படும். அந்த இடத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று: அபர்ச்சர் என்கிற லென்ஸ் துவாரத்தின் அளவு, மில்லிமீற்றரில் சொல்லும் லென்ஸின் குவியத்தூரம், பொருள் நிற்கும் தூரம். மூன்றில் அதிகம் கவனிக்கப்படாதது தூரம்தான். பொருள் இரண்டு மடங்கு தள்ளிப் போனால் துலக்கத்தின் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுச் சென்சர் (படம் பதியும் தகடு) உள்ள சாதாரணக் கமெராவில் 300 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 5.6. பத்து மீற்றரில் ஒரு கொக்கு நின்றால் துலக்கத்தின் ஆழம் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். கொக்கு பக்கவாட்டில் நின்றால் அலகிலிருந்து வால் வரை துலக்கமாக வரும். நம்மைப் பார்த்து நின்றால் கண்ணைப் பிடித்தவுடன் அலகின் நுனியோ வாலோ மங்கத் தொடங்கும். அதே லென்ஸோடு லகுகலைக் குளத்தில் 100 மீற்றருக்கு அப்பால் நிற்கும் யானையை எடுங்கள். இப்போது ஆழம் சுமார் 25 மீற்றர். யானையும் அதன் பின்னால் நிற்கும் புல்லும் அடுத்த யானையும் ஒன்றாகத் துலக்கமாகிவிடும். லென்ஸை முழுக்கத் திறந்தும் பின்னணி மங்கவில்லையே என்று அங்கே குறைப்படுவதில் அர்த்தமில்லை. அந்தத் தூரத்தில் முதல் வழிதான் கிடைக்கும். அதை ஏற்றுக்கொண்டு, குளத்தையும் மலையையும் சேர்த்து ஒரு காட்சியாக எடுப்பதே நல்லது.

எல்லாம் துலக்கமாக

1932இல் கலிபோர்னியாவில் அன்சல் அடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் சேர்ந்து ஒரு குழு அமைத்து, அதற்கு எஃப் 64 என்று பெயர் வைத்தார்கள். பெரிய கமெராவில் மிகச் சிறிய அபர்ச்சரைக் குறிக்கும் எண் அது. அந்தக் காலத்தில் ஓவியம்போல மங்கலாக எடுப்பதுதான் கலை என்று பலர் நினைத்திருந்தார்கள். அதற்கு மறுப்பாக, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு இலையும் துலக்கமாக இருக்கட்டும் என்றது இந்தக் குழு.

நமக்கு இந்த வழி மிக நன்றாக உதவும் இடங்கள் இருக்கின்றன. வெள்ளாமை வெட்டும் காலத்து வயல் வட்டை ஒன்று: முன்னால் கதிர், நடுவில் வரம்பும் ஆட்களும், பின்னால் வாடி, அதற்கும் பின்னால் வானம். இதில் எதை மங்கலாக்கினாலும் வேலையின் பரப்பு குறைந்துபோகும். கரைவலை இழுப்பதும் அப்படித்தான். கயிற்றின் இந்த முனையில் பிடித்திருக்கும் கைக்கும் கடலில் வலை கிடக்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் அந்தப் படத்தின் பொருள்.

செய்முறை எளிது. ஏபிஎஸ்-சி கமெராவில் 18 மில்லிமீற்றரை எஃப் 8இல் வைத்து, இரண்டு மீற்றர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், சுமார் ஒரு மீற்றரிலிருந்து அடிவானம் வரை துலக்கமாக வரும். அடிவானத்தில் ஃபோகஸ் செய்தால் முன்னால் உள்ள கதிர் வீணாக மங்கும். எஃப் 16, எஃப் 22 என்று இன்னும் மூட வேண்டாம். துவாரம் மிகச் சிறிதாகும்போது ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுவதுமே சற்று மென்மையாகிவிடும். போனில் எடுப்பவர் இதற்காக ஒன்றுமே செய்யத் தேவையில்லை. அதன் சென்சரும் லென்ஸும் சிறியவை என்பதால் இது அதன் இயல்பு.

தொல்லை என்னவென்றால், எல்லாம் துலக்கமாக இருக்கும்போது தேவையில்லாததும் துலக்கமாக இருக்கும். கல்முனைச் சந்தையில் மீன் வெட்டுபவரை இப்படி எடுத்தால் பின்னால் தொங்கும் பைகள், விளம்பரப் பலகை, மின்கம்பி எல்லாம் அவரோடு சண்டைக்கு வரும். ஒரு அடி இடமோ வலமோ நகர்ந்து, குனிந்து, பின்னணியைச் சுத்தமாக்க முடிந்தால் முதல் வழியிலேயே நில்லுங்கள். முடியாவிட்டால் அடுத்த வழிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் துலக்கமாக

இந்த வழிக்கு இலங்கையோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரோன் 48 வயதில் கமெராவைக் கையில் எடுத்தவர். லண்டனில் அவருடைய முகப்படங்களைப் பார்த்த விமர்சகர்கள் பலர், ஃபோகஸ் சரியில்லை என்று குறை சொன்னார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறினார். களுத்துறையில் இருந்தபோது இங்கே உழைத்துப் பிழைத்த மக்களையும் படம் எடுத்தார். 1879இல் மலையகத்தில் இறந்தார். அடக்கம் செய்யப்பட்டது பொகவந்தலாவையில். அவருடைய படங்களில் கண்ணருகே கொஞ்சம் துலக்கம் இருக்கும். முடியும் தோளும் உடையும் இருட்டுக்குள் மெல்ல இறங்கும். அந்த இறக்கம் முகத்துக்கு உயிர் கொடுக்கிறது. போனின் போர்ட்ரெய்ட் மோட் போலத் தலையைச் சுற்றி வெட்டியதுபோன்ற விளிம்பு அங்கே இல்லை.

இந்த வழியில் முதல் கேள்வி, துலக்கம் எதில் விழ வேண்டும் என்பது. நாவற்குடாப் பக்கம் வாவிக்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்: “என்ன மனே, என்னையா பிடிக்கிறாய், வலையையா?” படம் பிடிப்பவர் ஒவ்வொருவரும் பொத்தானை அழுத்த முன் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். முகத்தில் ஃபோகஸ் வைத்தால் அது ஒரு மனிதரின் படம். வலை அவர் யாரென்று சொல்லும் துணை. ஊசி பிடித்த விரலில் வைத்தால் அது ஒரு தொழிலின் படம். மங்கிய முகம் அந்தத் தொழில் செய்கிற பலருடைய முகமாகிவிடும். நான் விரலைத் தெரிந்தெடுத்தேன். நைலோன் நூல் ஊசிக் கண்ணுக்குள் நுழையும் இடம், நகத்தின் ஓரத்தில் உப்புக் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது, அதற்கு ஒரு சாண் பின்னால் மங்கத் தொடங்கும் தாடி. முகத்தில் வைத்திருந்தால் அந்த உப்பு தெரிந்திருக்காது.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு. 50 மில்லிமீற்றர் லென்ஸோடு இரண்டு மீற்றரில் நிற்கும் ஆளை ஏபிஎஸ்-சி கமெராவில் எடுக்கும்போது எஃப் 1.8இல் துலக்கத்தின் ஆழம் சுமார் 11 சென்ரிமீற்றர், எஃப் 4இல் 25 சென்ரிமீற்றர், எஃப் 8இல் அரை மீற்றர். முதலாவதில் முகம் மட்டும் கிடைக்கும். இரண்டாவதில் முகமும், நெஞ்சருகே வைத்திருக்கும் கையும் அதில் உள்ள பொருளும் சேர்ந்து கிடைக்கும். அதே எஃப் 4இல், பின்னால் 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம் இருந்தால் அதன் இரும்புச் சட்டங்கள் மங்கியும் பாலமாகவே தெரியும். எஃப் 1.8இல் அது சாம்பல் நிறத் தீற்றல் ஆகிவிடும். இந்த ஊர் மக்களை இந்த ஊரில் வைத்து எடுப்பதற்கு எஃப் 4, எஃப் 5.6 என்ற இடைநிலையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். லென்ஸுக்குக் காசு கொடுத்ததே எஃப் 1.8க்காகத்தான் என்று சிலர் வாதிடுவார்கள். இரவில், குறைந்த வெளிச்சத்தில் அந்தத் துவாரம் கட்டாயம் தேவை. பகலில் அதையே பழக்கமாக்கிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

கிட்டப் போகப் போக இந்தக் கணக்கு கடுமையாகும். ஒரு மீற்றரில், எஃப் 1.8இல் துலக்கத்தின் ஆழம் மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. நடுப் புள்ளியால் கண்ணில் ஃபோகஸ் பிடித்துவிட்டு, ஆளை ஓரத்துக்குக் கொண்டுவரக் கமெராவை 12 பாகை திருப்பினால், கண் அந்தத் துலக்கத் தளத்திலிருந்து இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் விலகிப் போகும். கண் மங்கி, காது கூராக வரும் படங்கள் பலவும் இப்படித்தான் உண்டாகின்றன. திருப்பாமல், ஃபோகஸ் புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். புதிய மிரர்லெஸ் கமெராக்களில் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. முகம் எடுக்கும்போது அதை நம்பலாம்.

துலக்கம் ஒரு தட்டையான தளமாக விழுகிறது, அந்தத் தளம் சென்சருக்குச் சமாந்தரமாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மருதமுனைத் தறியைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. தறியின் ஒரு முனையில் நின்று பாவு நூல்களின் நீளத்தோடு பார்த்தால், எஃப் 2.8இல் ஒரு கை அகலத்துக்கு மட்டும் நூல் துலங்கி, முன்னும் பின்னும் வெறும் நிறமாக ஓடும். அதே இடத்தில் கமெராவை மேலே தூக்கி, நெய்த துணிக்கு நேர் மேலாக, துணிக்குச் சமாந்தரமாகப் பிடித்தால், அதே எஃப் 2.8இல் துணி முழுவதும் இழை இழையாகத் துலங்கும். அபர்ச்சரைத் தொடவே இல்லை, கமெராவின் சாய்வு மட்டும் மாறியது. நெசவாளரின் கை வேகமாகப் போவதால் அது அசைவால் மங்கும், அது வேறு விஷயம். அசைவு மங்கலை ஷட்டர் வேகத்தால்தான் சரிசெய்ய வேண்டும், ஃபோகஸால் அல்ல.

போனா, லென்ஸா என்றும் பலர் கேட்கிறார்கள். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி மங்குவது கணக்கால். முன் எது, பின் எது என்று போன் ஊகித்து, பின்னால் உள்ளதை மங்கலாக்குகிறது. படம் எடுத்த பிறகும் மங்கலின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது அதன் பெரிய வசதி; பல போன்களில் அந்த அளவு எஃப் எண்ணாகவே காட்டப்படும், அதை எஃப் 4, எஃப் 5.6க்குக் கொண்டுபோய் வையுங்கள். ஆனால் வலைக் கண், சைக்கிள் கம்பி, காற்றில் பறக்கும் முடி போன்றவற்றில் ஊகம் தவறும். வலையின் சில கண்களுக்குள் பின்னணி துலக்கமாகவும் பக்கத்துக் கண்களுக்குள் மங்கலாகவும் நிற்கும். அப்படிப்பட்ட பொருளுக்கு அந்த மோடை அணைத்துவிட்டு, சாதாரண மோடில் பொருளுக்கு மிகக் கிட்டப் போங்கள். ஒரு சாண் தூரத்தில் போன் லென்ஸும் இயல்பாகவே பின்னணியை மங்கலாக்கும், விளிம்பும் உண்மையாக இருக்கும். திரையில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டப்படும். அதன் பிறகு அது தானாகத் தாவாது.

இடுக்கால் பார்ப்பது

இயற்கைப் படத்துக்கு எனக்கு மிகப் பிடித்தது இதுதான், நம்மிடையே மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான். பொத்துவில் களப்பில் தோணியில் போகும்போது கண்டல் கிளைகளுக்குப் பின்னால் மீன்கொத்தி இருந்தால், இலை மறைக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இலை லென்ஸுக்கு மிகக் கிட்ட இருந்து, அபர்ச்சர் திறந்திருந்தால், அது மறைப்பாக இல்லாமல் பச்சை மூட்டமாகப் பரவிப் பறவையைச் சுற்றி நிற்கும். இலை பறவைக்குக் கிட்ட இருந்தால்தான் தொல்லை. அப்போது அது பாதித் துலக்கத்தில் பட்டையாகக் கிடந்து கண்ணை உறுத்தும். நாம் இலையை நெருங்கி, பறவையை நெருங்காமல் இருப்பதுதான் உத்தி.

பறவைக்கும் இது நல்லது. உகந்தைக்கு அப்பால் குமண தேசியப் பூங்காவில், வில்லு எனப்படும் ஆழம் குறைந்த நீர்நிலையின் ஓரத்து மரங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் மே, யூன் மாதங்களில், தெளிவான பார்வைக்காகக் கூட்டை நெருங்குவதும் கிளையை விலக்குவதும் குஞ்சுகளுக்குத் தீங்கு. இலைக்குப் பின்னாலேயே நின்று, இலையைப் படத்தின் பகுதியாக்கினால் அந்தத் தேவையே வராது.

இந்த வழியில் ஓட்டோ ஃபோகஸ் பெரும்பாலும் முன்னால் உள்ள இலையைத்தான் பிடிக்கும். பரந்த பரப்பில் தேடும் முறையை விட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். அதற்கும் பிடிபடாவிட்டால் கையால் திருப்பி ஃபோகஸ் செய்யுங்கள். பறந்து வரும் பறவைக்கும் ஆடும் தோணிக்கும், பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் சரி. இலை இடுக்கில் அசையாமல் இருக்கும் பறவைக்குத் தொடர் ஃபோகஸ் ஆபத்து, காற்றில் இலை அசைந்ததும் அது இலைக்குத் தாவிவிடும்.

அன்றாட வாழ்க்கையில் இதே வழிக்கு மழைக்காலம் தாராளமாகத் தருகிறது. நொவம்பர், டிசம்பரில் பஸ் கண்ணாடியில் துளிகள் நிற்கும். துளியில் ஃபோகஸ் வைத்தால் வெளியே காத்தான்குடி வீதியின் விளக்குகள் நிறப் பொட்டுகளாகி, படம் மழையைப் பற்றியதாகும். வீதியில் வைத்தால் துளிகள் மங்கி, குடையோடு போகிறவர் படத்தின் நாயகர் ஆவார். இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள். ஃபோகஸ் ஒரு படத்தின் பொருளையே மாற்றும் என்பதை இதைவிட விரைவாக வேறெதுவும் காட்டாது. தேத்தண்ணிக் கடையில் எழும் ஆவிக்கும் இதுவே பொருந்தும்.

எதுவும் துலக்கமில்லாமல்

இதை அரிதாகத்தான் எடுக்கச் சொல்வேன். உருவம் மங்கிய பிறகும் என்னவென்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் அதைத் தவறிய படம் என்றுதான் நினைப்பார். மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழா இரவில் வீதி விளக்குகளின் முன்னால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் தகப்பனின் நிழலுருவம் தாங்கும். கூட்டமாக நிற்கும் பத்துப் பேர் தாங்க மாட்டார்கள். லென்ஸைக் கையால் கிட்டத் தூரத்துக்குத் திருப்பி, முழுக்கத் திறந்து வைத்தால் ஒவ்வொரு விளக்கும் வட்டமாக விரியும். அபர்ச்சரை மூடினால் அதன் தகடுகளின் வடிவம் தெரியும். 5 தகடு உள்ள பழைய லென்ஸில் விளக்குகள் ஐங்கோணமாக வரும். போனில் எடுப்பவர் தன் கையை ஒரு சாண் தூரத்தில் பிடித்து அதில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பிறகு போனை விளக்குகளை நோக்கித் திருப்பலாம்.

எதை முதலில் பழகுவது, எதை வாங்குவது

போன் மட்டும் உள்ளவர் முதல் வழியிலும் மூன்றாவதிலும் தொடங்கட்டும். இரண்டிலும் போன் உண்மையாக வேலை செய்யும், கணக்கு மங்கல் தேவைப்படாது. கமெராவோடு வந்த 18–55 லென்ஸ் உள்ளவர் 55 மில்லிமீற்றரை எஃப் 5.6இல் வைத்து ஆட்களை எடுக்கட்டும்; நான் சொன்ன இடைநிலை அந்த லென்ஸிலேயே இருக்கிறது, அதைச் சாதாரண லென்ஸ் என்று ஒதுக்கத் தேவையில்லை. அடுத்து வாங்குவதானால் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8. மாலைக்குப் பிந்திய கடைத்தெருவும் கோயில் வீதியும் அதற்குத் திறந்துகொள்ளும். நீண்ட லென்ஸைப் பறவை, விலங்கு எடுப்பதில் நிலைத்த ஆசை வந்த பிறகு வாங்கலாம். பூச்சி, பூ எடுக்க மக்ரோ லென்ஸுக்குப் பதிலாக, 50 மில்லிமீற்றருக்கும் கமெராவுக்கும் நடுவே பூட்டும் நீட்டுக்குழாய் போதும். ஆனால் பொருளின் உண்மை அளவிலேயே சென்சரில் பதியும் உயிரளவுப் படத்தில் எஃப் 8இலும் துலக்கத்தின் ஆழம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை என்பதால், தும்பியின் இறக்கை முழுவதும் வேண்டுமானால் தறித் துணியை எடுத்ததுபோலக் கமெராவை இறக்கைக்குச் சமாந்தரமாகப் பிடிக்க வேண்டும்.

வெளிச்சத்தையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். காலையில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் வாவி முழுக்க ஒளிப் பொட்டுகள். மாலையில் அதே காட்சி கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து மேற்கே கிடைக்கும். எதிர்வெளிச்சம் நீரில் மினுங்கும் அந்த நேரங்களில் இரண்டாவது, நான்காவது வழிகள் சிறக்கும். மழை ஓய்ந்து காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும் தை மாதக் காலைகளில் அக்கரை பனை வரை தெரியும். அந்த நாட்களில் எஃப் 8, இரண்டு மீற்றர் என்று வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.